தனிச் செல்லோ ஆல்பம்: பதிவில் கேட்கும் குறைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

ஒரே கலைஞர் தாமே வாசித்து, தாமே பதிவு செய்து, தாமே வெளியிடும் தனிச் செல்லோ ஆல்பத்தில் குறைகள் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. தாளவாத்தியமோ பாடகரின் குரலோ உடனிருந்தால் மறைந்து போயிருக்கக்கூடிய ஒரு மெல்லிய இரைச்சலும், நாற்காலியின் ஒரு கிறீச்சொலியும் இங்கே இசையின் நடுவிலேயே வந்து நிற்கும். எனவே காதில் விழும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் பின்னோக்கிச் செல்வதே இந்த வழிமுறையின் போக்கு. ஒலி தந்தியில் பிறந்து, கருவியின் உடல், அறை, மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவி), கணினி என்ற வரிசையில் பயணம் செய்து கோப்பாக முடிகிறது. குறை இந்தப் பாதையில் எங்கே பிறந்ததோ, அந்த இடத்திலேயே அதைத் திருத்த வேண்டும். ஒரு படி தள்ளித் திருத்தினால்கூட, குறையோடு சேர்த்து இசையிலும் கொஞ்சம் கழிந்து போகும்.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு சோதனைப் பதிவு செய்துகொள்வது அவசியம். நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல் நீண்ட வில்லோட்டத்தில் வாசித்து, பிறகு ஒவ்வொரு தந்தியிலும் அரைச்சுரம் அரைச்சுரமாக மெதுவாக ஏறி, கடைசியில் அரை நிமிடம் எதுவும் வாசிக்காமல் அமைதியையும் பதிவு செய்ய வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யப்பட வேண்டும். மைக்கையும் நாற்காலியையும் ஒருசேர நகர்த்திவிட்டால், ஒலி மேம்பட்டதற்கு எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

அறிகுறி: கீழ்ச்சுரங்களில் சில முழங்குகின்றன, சில மெலிந்து போகின்றன

வீட்டு அறையில் பதிவு செய்யும் செல்லோ கலைஞர் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் குறை இதுதான். கருவியைச் சந்தேகிக்கும் முன் நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்தி, அதே சுரங்களை மீண்டும் பதிவு செய்து பார்க்க வேண்டும். முழங்கும் சுரத்தின் வலிமை மாறினால், காரணம் கருவியில் இல்லை, அறையில் இருக்கிறது.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. இணையாக நிற்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையே, அவற்றின் இடைவெளியைப் போல இரு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலி நிலையலையாகத் தங்கிவிடும். அந்த அதிர்வெண்ணின் மடங்குகளும் அப்படியே தங்கும். இதைச் செல்லோவின் தந்திகளோடு பொருத்திப் பார்த்தால் சங்கதி தெளிவாகும். தரைக்கும் கூரைக்கும் இடையே 2.6 மீட்டர் உயரம் உள்ள அறையின் முதல் ஒத்ததிர்வு சுமார் 66 ஹெர்ட்ஸ். செல்லோவின் சி தந்தி 65.4 ஹெர்ட்ஸ். சுவருக்குச் சுவர் 3.5 மீட்டர் உள்ள அறையின் முதல் ஒத்ததிர்வு 49 ஹெர்ட்ஸில் இருப்பதால் அது செல்லோவின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. ஆனால் அதன் இரண்டாம் மடங்கு 98 ஹெர்ட்ஸ், அதாவது ஜி தந்தியின் அடிச்சுரமே. சாதாரண அளவுள்ள ஓர் அறை, செல்லோவின் இரண்டு தாழ்ந்த தந்திகளையும் குறி வைத்துக் கட்டியது போல அமைந்துவிடக்கூடும்.

மெலிவுக்கும் இதே நிலையலைதான் காரணம். முதல் ஒத்ததிர்வின் அழுத்தம் இரு பரப்புகளின் ஓரத்தில் உச்சமாகவும், சரியாக நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். மேலே சொன்ன 2.6 மீட்டர் உயர அறையில் மைக்கை 1.3 மீட்டர் உயரத்தில் வைத்தால், சி தந்தியின் அடிச்சுரம் பெருமளவு பதிவாகாமலே போகும். கையளவு ஏற்றி அல்லது இறக்கி வைத்துக் கேட்டால், காணாமல் போன அடிச்சுரம் திரும்பி வருவதைக் கவனிக்கலாம். இரண்டாம் மடங்கின் கதை வேறு: நடுவில் அது உச்சம், கால் பங்குத் தூரத்தில் அது குறைவு. ஆகவே ஜி தந்தி முழங்கும் அந்த 3.5 மீட்டர் அறையில், சுவரிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் தள்ளி மைக்கை நிறுத்துவது பலன் தரும். அறையின் சரியான நடுவையும் மூலைகளையும் எப்போதும் தவிர்ப்பது நல்லது.

சுவரெங்கும் மெல்லிய நுரைப்பலகைகளை ஒட்டுவது இந்தக் குறைக்கு மருந்தாகாது. 98 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.5 மீட்டர், அதை உறிஞ்ச வேண்டிய பஞ்சுப்பொருள் அந்த அலைநீளத்தின் கால் பங்கை நெருங்கும் ஆழம் கொண்டிருந்தால்தான் முழுமையாகப் பயன்படும். ஐந்து சென்டிமீட்டர் நுரை மேல்சுரங்களை மட்டும் விழுங்கிவிட்டு முழக்கத்தைத் தொடாமல் விட்டுவிடும். அறை முன்பைவிட மங்கலாகவும், அதே அளவு முழக்கத்தோடும் ஒலிக்கும். மூலைகளில் தடித்த உறிஞ்சிகள், கனமான மெத்தைகள், காற்று இடைவெளி விட்டு நிறுத்திய அடர்ந்த கனிமப் பஞ்சுப் பலகைகள் ஆகியவை ஓரளவு உதவும். எல்லாவற்றையும்விட உதவுவது வேறொரு அறை. உயர்ந்த கூரையும், ஒன்றுக்கொன்று பொருந்தாத நீள அகலங்களும் கொண்ட ஒரு கூடத்தைத் தேடுவதில் செலவிடும் நேரம், விலை உயர்ந்த மைக் வாங்கச் செலவிடும் பணத்தைவிடப் பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லா கீழ்ச்சுரங்களும் ஒரே சீராகப் பருத்துக் கேட்டால், காரணம் மைக்கின் அண்மை. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் கார்டியாய்டு மைக்குகள் ஒலிமூலத்தை நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரங்களைப் பெருக்கிக் காட்டும். 60 சென்டிமீட்டருக்கு அப்பால் நகர்த்தலாம். அறை நன்றாக இருந்தால், எல்லாத் திசையும் கேட்கும் ஆம்னி மைக்கைப் பயன்படுத்தலாம். ஆம்னி மைக்கில் இந்தப் பெருக்கம் ஏற்படுவதில்லை.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் திக்கி நடுங்குகிறது

நாற்காலியை எங்கே நகர்த்தினாலும் அந்த ஒரு சுரம் மட்டும் உறுமி, விட்டு விட்டு ஒலித்தால் அது வுல்ஃப் டோன். செல்லோவில் இது பெரும்பாலும் ஈ முதல் எஃப் ஷார்ப் வரையிலான பகுதியில், அதாவது 165 முதல் 185 ஹெர்ட்ஸ் வரை தோன்றுகிறது. கருவியின் உடலுக்கு உரிய வலிமையான ஒத்ததிர்வும் தந்தியின் அதிர்வும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திக்கும்போது, ஆற்றல் இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் பாய்வதால் இந்த நடுக்கம் பிறக்கிறது. நல்ல கருவிகளிலும் இது இருக்கும்.

முதலில் விரலமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். ஜி அல்லது சி தந்தியில் உயர்ந்த நிலையில் வாசிக்கும்போது திக்கும் அதே சுரம், டி தந்தியில் கீழ்நிலையில் வாசிக்கும்போது பல கருவிகளில் அடங்கிவிடும். தந்தியைத்தான் மாற்ற முடியாது என்றால், குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) டெயில்பீஸுக்கும் (தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பகுதி) இடையே உள்ள தந்திப் பகுதியில் பொருத்தும் வுல்ஃப் எலிமினேட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சில மில்லிமீட்டர் நகர்வுகூடப் பெரிய வேறுபாட்டைத் தரும். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் மற்ற சுரங்களைச் சோதனைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் வுல்ஃபை முழுமையாக அடக்கும் இடம் கருவி முழுவதையும் மந்தமாக்கிவிடும் இடமாகவும் இருக்கக்கூடும். அந்தச் சுரத்தின்போது மட்டும் கருவியின் பக்கத்தை முழங்காலால் மெதுவாக அழுத்துவது பழைய, நம்பகமான உத்தி. இவை எதற்கும் அடங்காவிட்டால், கருவி செய்வோரிடம் கொடுத்து உள்ளிருக்கும் ஒலிக்கம்பத்தின் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். பதிவுக்குப் பின் மென்பொருளால் இதை நேராக்க முயல்வது வீண். நடுங்குவது சுருதி மட்டுமன்று, ஒலியின் உடலே நடுங்குகிறது.

அறிகுறி: அமைதியின்போது கீழே ஒரு தொடர் முனகல்

மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடங்களில் முனகல் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற படிகளில் கேட்கும். 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 60, 120, 180 என்று கேட்கும். 50 ஹெர்ட்ஸ் செல்லோவின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் கீழே இருப்பதால், அதை வடிகட்டி நீக்கினாலும் இசைக்குப் பெரிய இழப்பில்லை. ஆபத்து 100 ஹெர்ட்ஸில் உள்ளது. அது 98 ஹெர்ட்ஸ் ஜி தந்திக்குப் பக்கத்திலேயே நிற்பதால், நீண்ட ஜி சுரத்தின்போது நொடிக்கு இரண்டு விம்மல்கள், அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகள், கேட்கும். 100 ஹெர்ட்ஸை வடிகட்டினால் ஜி தந்தியின் அடித்தளமும் கூடவே போய்விடும். அதனால் இதை மூலத்திலேயே நிறுத்தியாக வேண்டும்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் இயக்கிக் கேட்க வேண்டும். முனகல் நின்றால் குற்றவாளி அந்த சார்ஜரே. முழுப் பதிவையும் பேட்டரியிலேயே நடத்தலாம். நிற்காவிட்டால், எல்லாச் சாதனங்களையும் ஒரே மின்பலகையில் இணைத்து, மைக் வடங்களை மின்வடங்களிலிருந்து விலக்கி, ஒளிமங்கும் விளக்குச் சுவிட்சுகளையும் குளிர்சாதனங்களையும் அணைத்து, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அதை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டைச் செல்லோவில் பயன்படுத்த வேண்டாம். வில் தந்தியை விட்ட பிறகு நீளும் அந்தத் தேய்வை அது பாதியில் அறுத்துவிடும்.

முனகல் இல்லாமல் சீறல் மட்டும் கேட்டால், மைக் அளவுக்கு மீறித் தள்ளி இருக்கிறது, அல்லது மைக்கின் சொந்த இரைச்சல் மிகுதி. 24 பிட் பதிவில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். அதற்கு மேல் கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றுவது சீறலைக் குறைக்காது.

அறிகுறி: வில்லின் உரசல் காதைக் கிழிக்கிறது

கலைஞரின் காது கருவிக்குப் பின்னால் இருக்கிறது, மைக் குதிரைக்கு எதிரே இருக்கிறது; இரண்டும் கேட்பது ஒரே ஒலியன்று. மைக்கைச் சற்று உயர்த்தி, வில்லும் தந்தியும் சந்திக்கும் இடத்தை நேராக நோக்காமல் பக்கவாட்டில் திருப்பினால் உரசல் தணியும். கருவியின் முன்பலகையில் எஃப் வடிவில் இருக்கும் துளைக்கு நேரே திருப்பினால் உரசல் போகும், முழக்கம் வரும். புதிய தந்திகள் முதல் சில நாட்கள் கூர்மையாகவே ஒலிக்கும் என்பதால், பதிவுக்கு முந்தைய நாள் தந்தி மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். வில்லில் பூசும் பிசினான ரோசினையும் குறைத்துப் பார்க்கலாம்.

அறிகுறி: தரையிலிருந்து குத்தும் ஒலிகள்

ஊன்றுகம்பி மரத்தரையில் நிற்கும்போது கருவியின் அதிர்வும் காலசைவும் தரை வழியாக மைக் தாங்கிக்கு ஏறும். தாங்கியின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் அல்லது மடித்த கம்பளம் வைத்து, மைக்கை அதிர்வு தாங்கும் பிடியில் மாட்டினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஊன்றுகம்பிக்கு அடியில் மென்மையான பொருளை வைப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும், ஏனெனில் நல்ல மரத்தரை தரும் கீழ்ச்சுர ஆதரவும் அதோடு குறையக்கூடும்.

அறிகுறி: இரண்டு மைக்குகளைச் சேர்த்தால் ஒலி குழிவாகிறது

ஒரே ஒலி இரண்டு மைக்குகளை வெவ்வேறு நேரத்தில் அடைவதே காரணம். 34 சென்டிமீட்டர் பாதை வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிநொடித் தாமதம்; சேர்க்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பற்களைப் போலப் பள்ளங்கள் விழும். அருகு மைக்கின் தடத்தைத் தாமதப்படுத்தித் தூர மைக்கோடு ஒட்டவைக்கலாம், அல்லது ஒன்றைக் கைவிடலாம். தனிச் செல்லோவுக்கு ஒரே புள்ளியில் அமைந்த ஸ்டீரியோ இணை, அல்லது ஒரே ஒரு நல்ல மைக், பெரும்பாலும் போதுமானது. இறுதி முடிவை எடுக்கும் முன் மோனோவில் ஒருமுறை கேட்டாக வேண்டும்.

அறிகுறி: அடுக்கி வாசித்த தடங்கள் தனித்தனியே சரி, சேர்ந்தால் சுருதி பிசகுகிறது

ஒரே செல்லோவைப் பல தடங்களாக அடுக்கி அமைக்கும் ஆல்பங்களில் இதுவே மிகவும் மனத்தைச் சோர்வுறச் செய்யும் குறை. வாசித்தவரின் காதில் தவறு இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. பல நேரங்களில் குறை சுருதி சேர்க்கும் முறையில் இருக்கிறது.

செல்லோ கலைஞர் தந்திகளைத் தூய ஐந்தாம் இடைவெளியில், 3க்கு 2 என்ற விகிதத்தில், விம்மல் அடங்கும் வரை சேர்க்கிறார். அந்த இடைவெளி 702 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு). விசைப்பலகையின் ஐந்தாம் இடைவெளி 700 சென்ட். ஏ தந்தியை 220 ஹெர்ட்ஸில் வைத்து மூன்று தூய இடைவெளிகள் இறங்கினால் சி தந்தி 65.2 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். விசைப்பலகையின் சி 65.4. வேறுபாடு ஆறு சென்ட் மட்டுமே. ஆயினும் நான்காம் சீரிசையில் (அடிச்சுரத்தின் நான்கு மடங்கு அதிர்வெண்ணில்) அது ஏறத்தாழ நொடிக்கு ஒரு விம்மலாக வளர்ந்து, நீண்டு ஒலிக்கும் சி சுரத்தை அமைதியற்றதாக்குகிறது. பியானோவோ சின்தசைஸரோ உடன் ஒலிக்கும் பகுதிகளில் ஜி, சி தந்திகளை ட்யூனரின்படி சற்று உயர்த்திச் சேர்க்க வேண்டும். செல்லோக்கள் மட்டுமே அடுக்கப்படும் பகுதிகளில் தூய இடைவெளிகளையே வைத்துக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலை முதலில் பதிவு செய்து, அதைக் கேட்டபடி மேல்குரல்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். முதன்மை மெலடியை முதலில் பதிந்துவிட்டு அதற்குக் கீழே அடித்தளம் தேடுவது பிசகுக்கு நேர்வழி. பெரிய மூன்றாம் இடைவெளி தூய நிலையில் 386 சென்ட், ட்யூனரில் 400 சென்ட் என்பதால், நாண்களில் அந்தக் குரலை வாசிப்பவர் ட்யூனரின் ஊசியை நம்பாமல் காதை நம்பிச் சற்றுத் தாழ்த்தி வாசிக்க வேண்டும். உள்குரல்களில் விப்ராடோவை (விரலை அசைத்துச் சுரத்தை அதிரச் செய்வதை) குறைப்பதும் உதவும். ஆறு கைகளின் அசைவும் ஒன்றோடொன்று மோதினால் எந்தச் சுருதியும் நிலைத்து நிற்காது.

ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் ஏ தந்தியை வெறுமனே வாசித்துப் பதிந்து வைத்தால், மணிக்கணக்கில் நீளும் அமர்வில் கருவி எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பின்னர் அறியலாம். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிலையாக இருந்தால் நகர்வு குறையும்.

அடுக்குவதில் இன்னொரு மறைவான சிக்கல் உண்டு. ஒரே கருவி, ஒரே நாற்காலி, ஒரே மைக் என்று எட்டுத் தடங்களையும் பதிந்தால், அறையின் அதே ஒத்ததிர்வும் கருவியின் அதே முழக்கமும் எட்டு முறை குவியும். ஒவ்வொரு குரலுக்கும் நாற்காலியின் இடத்தையும் மைக்கின் தூரத்தையும் மாற்றினால், ஓர் உண்மையான குழு உட்கார்ந்திருப்பது போன்ற விரிவும் கிடைக்கும்.

ஹெட்போனிலிருந்து தாளம் காட்டும் கிளிக் ஒலி மைக்கில் கசிந்தால், மூடிய வகை ஹெட்போன் அணிந்து, கூர்மையான கிளிக்குக்குப் பதில் மந்தமான ஒலியை வைத்து, இறுதிச் சுரம் தேயும் இடத்தில் கிளிக்கை நிறுத்திவிட வேண்டும்.

அறிகுறி: எடிட் செய்த இடம் காதில் தட்டுப்படுகிறது

செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் 1936 முதல் 1939 வரை இசையமைப்பாளர் பாக்கின் ஆறு செல்லோ சூட்களைப் (நடன இசைத் தொகுப்புகளை) பதிவு செய்த காலத்தில், பக்கத்துக்குச் சில நிமிடங்களே கொள்ளும் தட்டுகளில் வெட்டி ஒட்ட வழியே இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. ஆனால் ஒட்டு தெரியாமலிருக்க முன்னேற்பாடு வேண்டும். திருத்தம் வேண்டிய இடத்துக்கு இரண்டு தாளக்கட்டம் (பார்) முன்பே தொடங்கி, இரண்டு தாளக்கட்டம் கடந்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் முந்தைய சுரத்தின் எதிரொலி புதிய டேக்கிலும் (மறுபடி வாசித்த பதிவிலும்) இருக்கும். வெட்டு, நீண்ட சுரத்தின் நடுவில் விழாமல், வில் திசை மாறும் கணத்திலோ புதிய சுரம் பிறக்கும் கணத்திலோ விழ வேண்டும். வெற்றிடத்தை மௌனத்தால் நிரப்பாமல், சோதனைப் பதிவில் பிடித்து வைத்த அறையின் அமைதியால் நிரப்ப வேண்டும்.

வெவ்வேறு நாள் டேக்குகள் ஒட்டாவிட்டால், ஊன்றுகம்பி நின்ற இடத்தை நாடா ஒட்டிக் குறித்தும், குதிரைக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தை அளந்தும், கெயின் அளவை எழுதியும் வைப்பதே தீர்வு. தொடருக்கு முன் எடுக்கும் மூச்சை எல்லா இடத்திலும் துடைத்தெறிய வேண்டாம். அது இசைத்தொடரின் ஒரு பகுதி. அது இல்லாத தனி வாசிப்பு உயிரற்றுக் கேட்கும்.

அறிகுறி: கோப்பில் சொடுக்கு ஒலிகள், அல்லது சுருதியே இறங்கிவிட்டது

சொடுக்குகளுக்கு, கணினி ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவு குறைவாக இருப்பது பொதுவான காரணம். இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாகக் கேட்டுக்கொண்டு வாசித்தால் தாமதம் ஒரு பொருட்டன்று, எனவே பஃபரை 512 அல்லது 1024க்கு உயர்த்தலாம். முழுத் தடமும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கியும் மெதுவாகவும் ஒலித்தால், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்பை மென்பொருள் 44.1 என்று எண்ணி வாசிக்கிறது. கோப்பு கெடவில்லை; அமைப்பைத் திருத்தினால் போதும்.

அறிகுறி: வெளியிட்ட பின் ஆல்பம் மெலிதாகக் கேட்கிறது

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் உரப்பின் அலகு) அளவை ஒட்டிச் சமன் செய்கின்றன. அந்த எண்ணை எட்டுவதற்காகத் தனிச் செல்லோவை லிமிட்டரால் (உச்ச ஒலியை ஓர் எல்லைக்குள் அமுக்கும் கருவியால்) நசுக்குவதை நான் ஏற்பதில்லை. மெல்லிய பகுதிகளின் மூச்சும் விரல் ஓசையும் மேலெழும்பி, உரத்த பகுதிகளின் உயரம் காணாமல் போகும். உண்மை உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, தடங்களைத் தனித்தனியே சமன் செய்யாமல் ஆல்பம் முழுவதையும் ஒன்றாகச் சமன் செய்தால், மெல்லிய பகுதி மெல்லியதாகவே நிற்கும்.

அறிகுறி: சொந்தப் பதிவின் மீது பிறர் உரிமை கோரல் வருகிறது

1750இல் மறைந்த பாக்கின் படைப்புகளுக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அவற்றின் புதிய பதிப்புகளிலும் தழுவல்களிலும் பதிப்பாசிரியருக்கு உரிமை இருக்கலாம். ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் 1967இல் மறைந்ததால், ஆயுளோடு 70 ஆண்டுகள் காக்கும் நாடுகளில் அவருடைய படைப்புகள் 2037 முடிய உரிமைக்கு உட்பட்டவை. அவற்றைப் பதிவு செய்து வெளியிட உரிமம் பெற வேண்டும். பொதுவுடைமையான இசையை வாசித்தபோதும், தானியங்கி ஒப்பீடு அதை இன்னொருவரின் பதிவாகக் கருதிக் கோரல் அனுப்புவது வழக்கமாக நிகழ்கிறது. வெட்டாத மூல டேக்குகள், எடிட் திட்டக் கோப்பு, ஒவ்வொரு தடத்துக்கும் பெற்ற, அந்தப் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்தெண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு, எந்தப் பதிப்பிலிருந்து வாசிக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே இடத்தில், இரண்டு படிகளாக வைத்திருந்தால், மறுப்பை உரிய சான்றுகளோடு உடனே அனுப்பலாம்.